கந்தரோடையின் சாட்சியத்தைக் கேட்ட நீதிபதி

நீதிமன்றத்தில் சாட்சியங்களை ஆராய்ந்து தீர்ப்பு வழங்கிய ஒருவர், யாழ்ப்பாண மண்ணின் சாட்சியத்தையும் செவிமடுத்தார். அவர் கலாநிதி போல் பீரிஸ். 1874ஆம் ஆண்டு பிறந்த இச்சிங்களப் பெருமகன் கேம்பிரிட்ஜில் கற்றவர். போர்த்துக்கேயர் கால இலங்கை வரலாற்றை எழுதியவர்.

யாழ்ப்பாணத்தில் நீதிபதியாகப் பணியாற்றிய காலத்தில், வழுக்கையாற்றுப் படுகையில் சுன்னாகத்தை அண்டியுள்ள கந்தரோடையை அவர் ஆராய்ந்தார். சிறு தூபிகள், மணிகள், உரோம நாணயங்கள், செம்பாலான அஞ்சனக் கோல்கள் என்பன வெளிப்பட்டன. விஜயன் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வட இலங்கையில் செழிப்பான குடியிருப்பு இருந்ததென்பது, 1917இலும் 1919இலும் வெளியான கட்டுரைகளில் அவர் முன்வைத்த கருத்து. தம் இனத்தவர் போற்றிய மரபுக்கு அது ஒவ்வாது என்பதற்காக அவர் தயங்கவில்லை. 1959இல் மறைந்தார்.

1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழ்வு, தென்னிந்தியப் பெருங்கற்காலத்தை ஒத்த மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. ஆயினும் அத்தூபிகள் சிங்களவருக்குரியனவா, தமிழ்ப் பௌத்தருக்குரியனவா என்ற வழக்கு ஓயவில்லை. பின்னாளில் முஸ்லிம் வணிகரும் வந்திறங்கிய இக்கரையின் தொன்மை, எவருக்கும் எழுதிக்கொடுத்த காணி உறுதி அன்று. சாட்சியத்தை முழுமையாகக் கேட்டபின் தீர்ப்பு என்பதே அந்த நீதிபதி விட்டுச் சென்ற முன்மாதிரி. இரு தரப்பினரும் அதனைப் பின்பற்றுவார்களா?