வாட் என்றொரு மெக்கானிக்

பல்பு வாங்கும்போது 9 வாட்டா, 12 வாட்டா என்று கேட்கிறோம். அந்த வாட் ஒரு மனிதரின் பெயர் என்பது நமக்குப் பாடத்தில் ஒரு வரியோடு முடிந்து போகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு ஃபேன் என்னைப் பாடாய்ப் படுத்தும் வரை!

புராஜெக்ட்டுக்காக, தண்ணீரால் குளிர வைக்கும் கம்ப்யூட்டர் ஒன்றில் ஃபேன் வேகத்தை செட் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பிராசசர் சூடேறினால் வேகம் கூட வேண்டும், ஆறினால் குறைய வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆனால் நான் போட்ட செட்டிங்கில் ஃபேன் ஊய்ய் என்று கத்தும், அடங்கும், மறுபடி கத்தும். ரிவ்யூ அன்று மொத்த கிளாஸும் சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. போய் கவர்னர் பாடத்தைப் படிடா என்றார். படிக்கப் போனவன் ஜேம்ஸ் வாட்டிடம் மாட்டிக்கொண்டேன்.

1736-ல் ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுக ஊரில் பிறந்தவர். கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்பதெல்லாம் கட்டுக்கதை. லண்டனில் ஒரே வருடம் கருவி செய்யும் தொழில் கற்றுக்கொண்டு கிளாஸ்கோவுக்கு வந்தார். ஏழு வருடம் முறையாகத் தொழில் பழகாதவன் கடை போடக் கூடாது என்று அங்குள்ள தொழிலாளர் சங்கம் தடுத்துவிட்டது. (டிப்ளமோதானா என்ற கேள்வியை நாம் கேட்பதில்லையா, அந்த மாதிரிதான்!) 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே ஒரு பட்டறை கொடுத்தது.

அங்கேதான் 1763-ல் நியூகாமன் எஞ்சினின் சின்ன மாடல் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சிலிண்டருக்குள்ளேயே பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சி நீராவியைக் குளிர வைப்பார்கள். பிறகு அதே சிலிண்டரை மறுபடி சூடேற்ற வேண்டும். நீராவியில் பெரும்பகுதி அதற்கே வீண். 1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் நடக்கும்போது வாட்டுக்கு வழி தோன்றியது. சூடு ஓரிடம், குளிர் வேறிடம்! அதுதான் தனி கண்டென்சர். என் கம்ப்யூட்டரிலும் பிராசசர் ஓரிடம், ரேடியேட்டர் வேறிடம் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

யோசனை வந்ததும் பணம் வந்துவிடவில்லை. 1769-ல் பேட்டன்ட் வாங்கியும், உதவிய ரோபக் திவாலானார். கால்வாய் சர்வே செய்துதான் குடும்பம் ஓடியது. 1773-ல் மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்தார். பிறகுதான் பர்மிங்காமில் மாத்யூ போல்டன் கூட்டாளியானார். சிலிண்டரைத் துல்லியமாகத் துளைக்க வில்கின்சனின் போரிங் மிஷின் கிடைத்தது. 1776-ல் எஞ்சின்கள் வேலைக்கு வந்தன.

இனி என் ஃபேன் கதை. மாவு மில்களில் அரவைக் கல்லுக்கு இருந்த சுழல் குண்டு அமைப்பைப் பற்றி 1788-ல் போல்டன் எழுதித் தெரிவிக்க, வாட் அதை எஞ்சினில் மாட்டினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து வால்வை மூடும், குறைந்தால் திறக்கும். அது தன் கண்டுபிடிப்பு அல்ல என்பதால் பேட்டன்ட் கேட்கவில்லை. ஆனால் கவர்னர் ரொம்ப ரோஷக்காரனாக இருந்தால் வேகம் ஏறி இறங்கித் தள்ளாடும். இதைத்தான் ஹன்டிங் என்கிறோம். 1868-ல் மாக்ஸ்வெல் இதற்குக் கணக்கே போட்டார்.

என் ஃபேனுக்கு வந்தது அதற்குப் பங்காளி வியாதி. பிராசசர் சூடு நொடியில் துள்ளும், தண்ணீர் துள்ளாது. 200 வாட் சூடு 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்றவே சுமார் 20 விநாடி ஆகும். சென்சாரைத் தண்ணீருக்கு மாற்றினேன். 38 டிகிரியில் கூடு, 36-க்கு வந்தால்தான் குறை என்று இடைவெளியும் வைத்தேன். கத்தல் நின்றது!

வாட் 1800-ல் தொழிலை விட்டு ஓய்வு பெற்றார். வீட்டு மாடியில் பட்டறை போட்டு, சிலைகளை நகலெடுக்கும் மிஷின் ஒன்றைக் கடைசிவரை நோண்டிக்கொண்டிருந்தார். 1819-ல் இறந்தார். 1924-ல் அந்தப் பட்டறையை அப்படியே லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குக் கொண்டு போனார்கள்.