மாலுமியை வரைந்தவர்



தலையில் தொப்பி, மூக்குக்குக் கீழே பெரிய மீசை. குதித்துக் குதித்து ஓடும் மாரியோவை வீடியோ கேமில் பார்த்திருப்பீர்கள். அவன் பிறந்தது 1981-இல். அதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஓர் ஓவியரும் அவன் பிறக்கக் காரணம் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் எல்ஸி கிரிஸ்லர் சீகர். அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செஸ்டர் என்ற சிற்றூரில் 1894 டிசம்பர் 8-ஆம் தேதி பிறந்தார். அப்பா வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். மகனும் கூடவே போய் உதவுவார். பிறகு ஊரிலிருந்த சினிமா கொட்டகையில் சீகருக்கு வேலை கிடைத்தது. படம் ஓட்ட வேண்டும். அது பேசாப் பட காலம் அல்லவா, படத்துக்கு ஏற்றபடி டிரம்ஸும் வாசிக்க வேண்டும்!

படம் வரைவதில்தான் அவருக்கு ஆசை. பணம் கட்டி, தபால் மூலம் கார்ட்டூன் கற்றார். கொட்டகை வேலை முடிந்து வந்து, இரவில் கண் விழித்து வரைந்து பழகினார். (கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்ட மாணவர்களை நான் கண்டித்ததுண்டு. இப்போது நினைத்தால் சற்று வருத்தமாக இருக்கிறது!)

சிகாகோ சென்று, 1916-இல் ஒரு நாளிதழில் சார்லி சாப்ளினை வைத்துச் சித்திரக்கதை வரைந்தார். 1919 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் 'திம்பிள் தியேட்டர்' என்ற தொடரைத் தொடங்கினார். அதன் நாயகி ஒல்லிக்குச்சியான ஆலிவ் ஆயில். அவள் அண்ணன் பெயர் காஸ்டர் ஆயில், அதாவது விளக்கெண்ணெய்! சீகர் என்ற பெயரும் சுருட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும். அதனால் தன் கையெழுத்தோடு ஒரு சுருட்டையும் வரைந்துவிடுவார்.

தொடர் ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டது. காஸ்டர் ஒரு தீவுக்குக் கப்பலில் போக வேண்டும். கப்பலை ஓட்ட ஆள் வேண்டுமே! 1929 ஜனவரி 17-ஆம் தேதி, துறைமுகத்தில் ஒற்றைக் கண் மாலுமி ஒருவன் வந்து நின்றான். அவன்தான் பாப்பாய். அந்தக் கதை முடிந்ததும் அவனை அனுப்பிவிட்டார் சீகர். வாசகர்கள் விடவில்லை. பாப்பாய் எங்கே என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். வேறு வழியின்றித் திரும்ப அழைத்து வந்தார். சீக்கிரமே அவனே கதாநாயகன் ஆகிவிட்டான்!

அவன் உருவத்தைக் கவனியுங்கள். மேல்கை மெலிந்திருக்கும், முழங்கைக்குக் கீழே பூசணிக்காய்போல் வீங்கியிருக்கும். நீண்ட மோவாய், வாயில் புகைக்குழாய். நிழலைப் பார்த்தாலே பாப்பாய் என்று சொல்லிவிடலாம்.

ப்ளூட்டோ என்ற முரடனை 1932-இல் சீகர் ஒரே ஒரு கதைக்காகத்தான் வரைந்தார். 1933-இல் பாப்பாய் கார்ட்டூன் படங்களை எடுக்கத் தொடங்கியவர்கள் அவனை நிரந்தர எதிரியாக்கினார்கள். பசலைக்கீரை தின்றதும் பலம் வருவதை உலகெங்கும் பரப்பியதும் அந்தப் படங்களே. சீகர் அந்தப் புகழை நெடுநாள் அனுபவிக்கவில்லை. நோயுற்று, 1938 அக்டோபர் 13-ஆம் தேதி காலமானார். வயது 43தான்.

இனி ஜப்பானுக்குப் போவோம். நிண்டெண்டோ நிறுவனம் செய்த ஒரு விளையாட்டு இயந்திரம் அமெரிக்காவில் விற்காமல் தேங்கிக் கிடந்தது. அதற்குள் வைக்கப் புதிய விளையாட்டு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த வேலை இளைஞர் ஷிகெரு மியாமோட்டோவிடம் வந்தது. பாப்பாய், ஆலிவ், ப்ளூட்டோ மூவரையும் வைத்துச் செய்யலாம் என்று முதலில் திட்டமிட்டார்கள். அப்போது அதற்கான உரிமை கிடைக்கவில்லை.

மியாமோட்டோ என்ன செய்தார் தெரியுமா? மூவரின் இடத்தில் வேறு மூவரை நிறுத்தினார். முரட்டு ப்ளூட்டோ கொரில்லா ஆனான். ஆலிவ், கொரில்லா தூக்கிச் சென்ற பெண் ஆனாள். மாலுமி, ஏணியில் ஏறிப் பீப்பாய்களைத் தாண்டும் தச்சன் ஆனான். பெரிய முரடன், சின்ன வீரன் என்ற பொருத்தம் அப்படியே இருந்தது! அதுதான் 1981-இல் வந்த 'டாங்கி காங்'.

அன்றைய திரையில் ஒரு மனிதனைச் சில புள்ளிகளில்தான் வரைய முடியும். முடி வரைவது கடினம், அதனால் தொப்பி. வாய் வரைய இடமில்லை, அதனால் மீசை. கை அசைவது தெரிய வேண்டும், அதனால் வேறு நிறத்தில் தோள்பட்டை வைத்த கால்சட்டை. சட்டென்று அடையாளம் தெரிய வேண்டும் என்ற வித்தையைச் சீகர் பேனா மையால் செய்தார், மியாமோட்டோ புள்ளிகளால் செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜம்ப்மேன் என்று அழைக்கப்பட்ட அந்தத் தச்சனுக்குப் பிறகு வைத்த பெயர்தான் மாரியோ.

மறு ஆண்டே, 1982-இல், நிண்டெண்டோவுக்கு உரிமை கிடைத்து, பாப்பாய் விளையாட்டும் வந்தது. 1983-இல் வீட்டில் வைத்து விளையாடும் கருவியை அந்நிறுவனம் ஜப்பானில் வெளியிட்டபோது, கூடவே வந்த முதல் மூன்று விளையாட்டுகளில் பாப்பாயும் ஒன்று.

சீகர் 1929-இல் வரைந்த அந்த முதல் பாப்பாய்க்கான காப்புரிமைக் காலம் அமெரிக்காவில் 2025 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நிண்டெண்டோவுக்கு அன்று கிடைக்காத அந்த மாலுமியை, அங்கே இப்போது யாரிடமும் கேட்காமல் யார் வேண்டுமானாலும் வரையலாம்.