எந்திரத்துக்குப் பாடம் சொன்ன பெண் தளபதி

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம்.

இரவு மணி 12 ஆகியிருக்கும். பிள்ளை தூங்கமாட்டான். திரையில் ஒரே ஒரு வரி நிற்கும். "ஹெடர் பைல்" ஒன்றைக் காணவில்லை என்று அந்த வரி சொல்லும். பிள்ளை தலையைப் பிய்த்துக்கொண்டு இருப்பான்.

அவன் எழுதிய கணக்கில் தப்பு இல்லை. எந்திரத்திலும் கோளாறு இல்லை. வேண்டிய ஒரு துண்டு வேண்டிய இடத்தில் இல்லை. அவ்வளவுதான்!

துண்டுகளைத் தேடி எடுத்து ஒன்று சேர்க்கும் வேலையை மனிதன் ஏன் செய்யவேண்டும்? எந்திரமே செய்யட்டும் என்று சொல்லி, செய்தும் காட்டினார் ஒரு பெண்மணி. கணித புரொபசராக இருந்து, கடற்படைத் தளபதியாக உயர்ந்தவர். அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

7 கடிகாரங்கள்

1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில், நியூயார்க் நகரில் கிரேஸ் பிறந்தார். அப்பா வால்டர் மர்ரே இன்சூரன்ஸ் தொழில் செய்தவர். மூன்று குழந்தைகளில் கிரேஸ்தான் மூத்தவர்.

கிரேசுக்கு 7 வயது. அலாரம் கடிகாரம் எப்படி அடிக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. ஒன்றைக் கழற்றினாள். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொன்றைக் கழற்றினாள். இப்படியே வீட்டில் இருந்த 7 கடிகாரங்களும் துண்டு துண்டாகக் கிடந்தன!

அம்மா அடிக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடலாம் என்று உத்தரவு போட்டார்.

16 வயதில் வாசர் பெண்கள் கல்லூரியில் சேர மனுப் போட்டார். லத்தீன் பரீட்சையில் மார்க் போதவில்லை. இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு சேர்ந்தார். 1928-ல் பட்டம் பெற்றார். 1934-ல் ஏல் சர்வகலாசாலையில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பெண்கள் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெறுவது அந்தக் காலத்தில் அபூர்வம்.

இதற்கு நடுவே 1930-ல் வின்சென்ட் ஹாப்பர் என்ற புரொபசரை மணந்துகொண்டார். 1945-ல் இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். குழந்தைகள் இல்லை. ஹாப்பர் என்ற பெயரை மட்டும் அம்மையார் கடைசிவரை வைத்துக்கொண்டார்.

எடை போதாது!

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது. அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது.

வாசர் கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்த கிரேசுக்குக் கடற்படையில் சேர ஆசை. அவருடைய கொள்ளுத்தாத்தா கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். ரத்தத்தில் ஊறிய ஆசை!

கடற்படை சேர்த்துக்கொள்ளவில்லை. வயது அதிகம் என்றார்கள். எடையும் போதவில்லை. 120 பவுண்டு இருக்கவேண்டும். கிரேஸ் 15 பவுண்டு குறைவு. கணிதம் சொல்லிக்கொடுப்பதும் யுத்த சேவைதான், ஊரோடு இருங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார்கள்.

அவர் விடவில்லை. விசேஷ அனுமதி வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்தேவிட்டார். பயிற்சி வகுப்பில் முதலாவதாகத் தேறினார். கப்பலில் அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். அனுப்பியது ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு! அங்கேதான் அவருடைய விதி காத்திருந்தது.

அது ஒரு ராட்சத எந்திரம். பெயர் "மார்க் ஒன்று". நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை சுமார் 5 டன். துளை போட்ட காகித நாடா உள்ளே போகும். ஒரு விநாடிக்கு 3 கூட்டல் கணக்குப் போடும். இன்றைய கைப்பேசிக்கு முன்னால் அது ஆமை. அன்றைக்கு அதுதான் அதிசயம்.

1944 ஜூலையில் கிரேஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். எந்திரத்தை உருவாக்கிய ஹோவர்டு ஐக்கன்தான் மேலதிகாரி. கடுமையான மனிதர். வந்த பெண்ணைப் பார்த்ததும் உடனே ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டார்.

நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியது

அங்கே வேலை செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு கணக்குக்கு எழுதிய கட்டளைகளில் சில துண்டுகள் அடுத்த கணக்குக்கும் உதவும். அந்தத் துண்டுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வேண்டியது இன்னொருவர் நோட்டில் இருந்தால் வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் தோசைக்கல் இரவல் வாங்குவதுபோல!

இரவல் நல்லதுதான். ஆனால் பார்த்து எழுதும்போது தப்பு வந்தது. ஆங்கில எழுத்து "பி" 13 ஆக மாறிவிடும். ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில் உட்காருகிறதோ அதற்கு ஏற்ப எண்களைக் கூட்டி மாற்றவேண்டும். அந்தக் கூட்டலிலும் தப்பு!

பெரிய படிப்பாளிகள் கூடச் சரியாகப் பார்த்து எழுதமாட்டார்கள், சரியாகக் கூட்டமாட்டார்கள் என்பது கிரேசுக்கு அங்கே புரிந்தது.

1947-ல் நடந்த பூச்சிக் கதையையும் சொல்லவேண்டும். செப்டம்பர் 9-ந் தேதி "மார்க் இரண்டு" எந்திரம் தகராறு செய்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்தது! அதை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டிவைத்தார்கள். பூச்சியைப் பிடித்தவர் கிரேஸ் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரி அல்ல. பிடித்தவர்கள் எந்திரத்தை ஓட்டியவர்கள். கதையை ஊர் ஊராகச் சொன்னவர்தான் கிரேஸ். எந்திரக் கோளாறைப் "பூச்சி" என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு.

1949-ல் ஹார்வர்டு வேலை முடிந்தது. பெண்ணுக்கு அங்கே நிரந்தர உத்தியோகம் இல்லை. கணவரும் இல்லை. மதுப்பழக்கம் வேறு பற்றிக்கொண்டது. நண்பர்கள் கண்டித்தார்கள். 43 வயதை நெருங்கும் பெண்ணின் வாழ்க்கை அத்தோடு முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி என்ற இருவர் நடத்திய சிறு கம்பெனியில் சேர்ந்தார். அவர்கள் "யூனிவாக்" என்ற புது எந்திரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அடுத்த ஆண்டே ரெமிங்டன் ராண்டு கம்பெனி அதை வாங்கிவிட்டது.

அங்கே ஒரு வேடிக்கை. "பைனாக்" என்ற எந்திரத்துக்காக எட்டெட்டாக எண்ணும் முறையில் கணக்குப் போடப் பழகினார். அந்த முறையில் 7-க்கு அடுத்தது 10. மூன்று மாதமாக அவருடைய பாங்குக் கணக்கு உதைத்தது. தம்பி பாங்குக்காரர். அவரிடம் கணக்கைக் கொடுத்தார். அக்கா அவ்வப்போது எட்டு முறையில் கழித்திருக்கிறார் என்று தம்பி கண்டுபிடித்தார்!

தொகுக்கும் எந்திரம்

1951 அக்டோபரில் கிரேஸ் புது வேலையைத் தொடங்கினார். மனிதன் பார்த்து எழுதினால் தப்பு வருகிறது. எந்திரம் பார்த்து எழுதினால்? எந்திரத்துக்குத் தூக்கம் வராது. கூட்டலும் தப்பாது.

துண்டுகளை எல்லாம் ஒரு காந்த நாடாவில் பதித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்பு எண். நூல்நிலையத்தில் புத்தகத்துக்கு எண் போடுவது மாதிரி. கணக்குப் போடுபவர் எண்களை மட்டும் வரிசையாக எழுதினால் போதும். எந்திரமே நாடாவைத் தேடி, துண்டை எடுத்து, இடத்தில் பொருத்தி, முகவரிகளையும் கூட்டிக்கொள்ளும். துண்டுகளைத் தொகுப்பதால் "கம்பைலர்" என்று பெயர் வைத்தார். இந்தக் கம்பைலருக்கு "ஏ-0" என்று பெயர்.

ஒரு இடத்தில் முட்டிக்கொண்டது. இன்னும் வந்து சேராத துண்டுக்குத் தாவச் சொன்னால், அதன் இடம் எது என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? கல்லூரியில் ஆடிய கூடைப்பந்து ஞாபகம் வந்தது. நேராகக் கூடைக்குப் போக முடியாதபோது பந்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடி, பிறகு வாங்கிக்கொள்வது ஆட்டத்தில் உண்டு. அதேபோல் எந்திரத்தின் ஞாபகத்தில் ஒரு மூலையை ஒதுக்கினார். தாவவேண்டிய செய்தியை அந்த மூலையில் விட்டுவைப்பது, துண்டு வந்ததும் எடுத்துக்கொள்வது. சிக்கல் தீர்ந்தது!

1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் இதை விளக்கிக் கட்டுரை படித்தார். பலர் நம்பவில்லை. எந்திரம் கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று சொன்னார்கள். எந்திரம் ஓடிக்கொண்டு இருந்தது. நம்பத்தான் ஆள் இல்லை.

காணாமல்போன துண்டு

இங்கே கொஞ்சம் நின்று, தூங்காமல் இருக்கும் நம் பிள்ளையைக் கவனிப்போம்.

எந்திரமே துண்டைத் தேடுகிறது என்றால், துண்டு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? வேலை நிற்கும். அன்று நாடாவில் எண் இருக்கவேண்டும். இன்று தட்டில் பைல் இருக்கவேண்டும்.

"ஹெடர் பைல்" கிரேஸ் அம்மையார் கண்டுபிடித்தது அல்ல. அது 1970-களின் ஆரம்பத்தில், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய "சி" மொழியோடு வந்தது. ஹெடர் பைலில் சரக்கு இருக்காது. என்னென்ன சரக்கு உண்டு, எப்படிக் கேட்கவேண்டும் என்ற பட்டியல்தான் இருக்கும். ஓட்டலில் சாப்பாடு சமையல் அறையில், பட்டியல் மேஜைமேல். பட்டியல் இல்லை என்றால் கம்பைலர் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். பட்டியல் இருந்து சரக்கு இல்லை என்றால், கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும்போது வேறு விதமாகத் தகராறு செய்யும். கோளாறு எந்தக் கட்டத்தில் வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்து பிள்ளைகள் பொழுதை வீணாக்குகிறார்கள்.

பெயரைச் சரியாக எழுதியிருக்கிறானா? விண்டோஸ் எந்திரம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது. லினக்ஸ் பார்க்கும். வீட்டில் ஓடியது கல்லூரியில் ஓடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பைல் எந்திரத்தில் இருக்கிறதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பைத்தான் மொழி ஒழுங்காக ஓடும். அதற்குச் "சி" மொழியில் ஒரு மாட்யூல் கட்டப்போனால் "பைத்தான் டாட் எச்" இல்லை என்று நிற்கும். ஓட்டுவதற்கு வேண்டியது ஒரு பொட்டலம். கட்டுவதற்கு வேண்டிய ஹெடர் வேறு பொட்டலம். டெபியன், உபுண்டு இரண்டிலும் அந்தப் பொட்டலத்தின் பெயர் "டெவ்" என்று முடியும். பெடோராவில் "டெவெல்" என்று முடியும். அதைப் போட்டால் சரியாகிவிடும்.

பைல் இருக்கிறது, கம்பைலர் அந்த போல்டரில் தேடவில்லை என்றால்? "மைனஸ் ஐ" என்று போட்டு, பக்கத்தில் போல்டரின் பெயரை எழுதவேண்டும். கோண அடைப்பில் எழுதிய பெயரைக் கம்பைலர் தனக்குத் தெரிந்த பொது இடங்களில் தேடும். மேற்கோள் குறிக்குள் எழுதினால், எழுதிய பைல் இருக்கும் போல்டரில் முதலில் தேடும். லினக்சின் கெர்னலுக்கு மாட்யூல் கட்டுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். ஓடுகிற கெர்னலும் ஹெடரும் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. காணாத ஹெடரை வேறு எந்திரத்தில் இருந்து காப்பி அடித்துப் போடுவது! பதிப்பு மாறியிருந்தால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். புரோகிராம் பிறகு ஒருநாள் கவிழ்க்கும். ஹார்வர்டில் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்கள் பட்ட பாடுதான் அது.

எல்லாருக்கும் ஒரு மொழி

கிரேஸ் அம்மையார் ஏ-0-வோடு நிற்கவில்லை. 1953-ல் "ஏ-2" வந்தது. அதை வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்து, உள்ளே எழுதியிருப்பதையும் கொடுத்து, திருத்தம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டார். இந்தக் காலத்துத் திறந்த மூல மென்பொருளுக்கு அதுவே தாத்தா!

கடைக்கணக்கு எழுதுகிறவருக்குக் கணிதக் குறிகள் தெரியாது. அவர்களுக்குச் சாதாரண ஆங்கிலச் சொற்களில் கட்டளை கொடுக்க வழி வேண்டும் என்றார். "புளோ-மாட்டிக்" பிறந்தது. பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் அதே புரோகிராமை ஓட்டிக் காட்டினார். கம்பெனி மேலதிகாரிகள் பயந்துபோனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க எந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை!

1959 மே மாதம் ராணுவத் தலைமையகமான பெண்டகனில் கூட்டம் நடந்தது. எல்லாக் கம்பெனி எந்திரங்களுக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதுதான் "கோபால்". அதைப் பலர் சேர்ந்து எழுதினார்கள். ஆனால் அடிப்படையாக நின்றது கிரேசின் புளோ-மாட்டிக். 1960 டிசம்பரில் இரண்டு கம்பெனிகளின் எந்திரங்களில் ஒரே கோபால் புரோகிராம் ஓடியது. பொதுவான விவரங்களை வேறு பைலில் வைத்து இழுத்துக்கொள்ளும் வசதியும் கோபாலில் உண்டு. அந்தப் பைல் காணாமல்போனால் அங்கேயும் இதே கூச்சல்தான்.

ஆறு மாதம் என்றார்கள்

1966 கடைசியில் வயதைக் காட்டிக் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழே மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டது. கடற்படையில் ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு விதமாகக் கோபால் எழுதி, ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாமல் கிடந்தது. ஒழுங்குபடுத்த 6 மாதம் வாருங்கள் என்றார்கள். அந்த 6 மாதம் நீண்டுகொண்டே போனது. 1971-ல் மீண்டும் ஓய்வு. 1972-ல் மீண்டும் அழைப்பு!

ஊர் ஊராகப் போய் இளைஞர்களுக்குப் பேசினார். சுமார் ஒரு அடி நீளக் கம்பித் துண்டுகளை எல்லாருக்கும் கொடுப்பார். ஒரு நானோ விநாடியில் மின்சாரம் போகக்கூடிய அதிகபட்ச தூரம் அதுதான் என்று விளக்குவார். அறையில் முள் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார்.

1983-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்குக் "கமடோர்" பதவி கொடுத்தார். 1985-ல் அந்தப் பதவிக்கு ரியர் அட்மிரல் என்று பெயர் மாறியது. 1986 ஆகஸ்டு 14-ந் தேதி பாஸ்டன் துறைமுகத்தில், "கான்ஸ்டிடியூஷன்" என்ற பழம்பெரும் பாய்மரக் கப்பலின் மேல்தளத்தில் விடைபெற்றார். அப்போது வயது 79. பணியில் இருந்த கடற்படை அதிகாரிகளில் அவர்தான் மூத்தவர்.

வீட்டில் உட்கார்ந்தாரா? இல்லை. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார்.

1992-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தில், வர்ஜீனியா ராஜ்யத்தில் ஆர்லிங்டனில் உள்ள வீட்டில் கிரேஸ் அம்மையார் காலமானார். வயது 85. ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் முழு ராணுவ மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

எடை குறைவு என்று ஒருகாலத்தில் அவரைத் திருப்பி அனுப்பிய கடற்படை, 1996-ல் ஒரு நாசகாரிக் கப்பலை மிதக்கவிட்டது. கப்பலின் பெயர் "ஹாப்பர்".