பண்டித நடேச சாஸ்திரியார்

குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் கொலையும் இரத்தமும் கூடாவென்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பெற்றோர் பலர் கருதுகின்றனர். அன்னாருக்குப் பண்டித நடேச சாஸ்திரியாரின் சரிதத்தை நினைவூட்ட விரும்புகிறோம்.

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் 1859-ஆம் ஆண்டில் பிறந்த சாஸ்திரியார், தொல்பொருள் இலாகாவில் ராபர்ட் சீவெல் துரையின்கீழ்ப் பண்டிதராக அமர்ந்தார். உத்தியோகம் கல்லெழுத்தில், உள்ளமோ பாட்டிமார் சொல்லும் கதைகளில். 1884 முதல் அக்கதைகளை ஆங்கிலத்தில் வெளியிடலானார். திராவிட பூர்வகாலக் கதைகள் என்று தமிழிலும் தொகுத்தார்.

அவர் ஆங்கிலத்தில் பெயர்த்த அலகேச கதையைப் பாருங்கள். பள்ளியறையில் புகுந்த பாம்பை மந்திரி வெட்டுகிறான். உறங்கும் அரசியின் மார்பில் தெறித்த துளியை அவன் அகற்றியது அரசனுக்குத் துரோகமாகப் படுகிறது. விசாரணையின்றியே மரண தண்டனை! ஏனைய மந்திரிமார் கதைமேல் கதை சொல்லி வாளைத் தாமதப்படுத்துகின்றனர். அவற்றுள் ஒன்று, குழந்தையைப் பாம்பினின்று காத்த கீரியை, அதன் வாயிலிருந்த இரத்தத்தைக் கண்ட மாத்திரத்தில் தாய் கொன்ற கதை. அவ்விரத்தத்தைக் கழுவிவிட்டால் அரசனுக்குச் சொல்ல என்ன மிஞ்சும்? வழக்கறிஞர் தொழிலில் பழகிய நாம், சாட்சியம் கேளாத தீர்ப்புக்கு இதனினும் வலிய கண்டனத்தைச் சட்டப் புத்தகங்களில் கண்டதில்லை. சாஸ்திரியார் அதை மழுப்பாது பெயர்த்தார்.

பின்னர் தானவன் என்னும் துப்பறியும் கதையும், தீனதயாளு முதலிய நாவல்களும் எழுதினார். 1906-இல், ஐம்பது வயது நிறையுமுன்பே காலமானார்.