செத்த மீனுக்கு மூளை வேலை செய்யுமா? ஸ்கேன் கணக்கும் எஸ்.என்.ராயும்

2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனரில் வைத்து அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். ரிசல்ட்டில் மீனின் மூளையில் சில புள்ளிகள் ‘வேலை செய்வதாக’ வந்தது! இந்த ஆய்வுக்கு 2012-ல் இக் நோபல் பரிசும் கிடைத்தது.

மெஷினில் கோளாறு இல்லை. கணக்கில்தான் சிக்கல்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் 1,000 பேர் ஆளுக்கு 10 முறை காசு சுண்டுவதாக வைத்துக்கொள்வோம். பத்துமே தலையாக விழ ஒருத்தருக்கு இருக்கும் வாய்ப்பு 1,024-ல் 1 தான். ஆனா, அந்த 1,000 பேரில் யாராவது ஒருத்தருக்கு அப்படி விழ 62 சதவீத வாய்ப்பு இருக்கு. அவரைப் பிடித்து கைராசிக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? மூளை ஸ்கேனும் அப்படித்தான். 1 லட்சம் புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்து, 1,000-ல் 1 தவறு பரவாயில்லை என்று விட்டால், சுமார் 100 புள்ளிகள் சும்மாவே ‘எரியும்’. அதை நம்பி நோய் ஆராய்ச்சி செய்தால் என்ன ஆகும்?

ஸ்கேனர் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் சமரேந்திர நாத் ராய்.

1906-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். அப்பா காளிநாத் ராய், லாகூர் ‘ட்ரிப்யூன்’ நாளிதழின் ஆசிரியர். 1919 பஞ்சாப் ராணுவச் சட்டத்தின்போது, எழுதியதற்காகச் சிறைக்குப் போனார். அவரை விடுவிக்கக் கோரி காந்தியே எழுதினார். மகனுக்கு அப்போது 12 வயது.

மகன் போனதோ கணிதம் பக்கம். 1930-களில் மஹலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். ஒரே ஆளிடம் பல அளவுகளை எடுத்து ஒன்றாக ஆராய்வதுதான் அங்கே அவரது வேலை. 1950-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

1953 முக்கியமான வருஷம். டூக்கி, ஷெஃபே ஆகியோரும் அதே ஆண்டில் இதே சிக்கலுக்கு வழி சொன்னார்கள். ராயின் ‘யூனியன்-இன்டர்செக்‌ஷன்’ யோசனை இதுதான்: ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்காதீங்க. எல்லாவற்றிலும் பெரிய மதிப்பு எதுவோ, அது தற்செயலாகவே எவ்வளவு உயரம் போகும் என்று முதலில் கணக்குப் போடுங்க. அதைத் தாண்டினால்தான் நம்பணும். இதில் ஒரு விலையும் உண்டு. கோட்டை ரொம்ப உயர்த்தினால் நிஜமான சிக்னலும் தப்பிப் போயிடும். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

1957-ல் தன் ஆய்வுகளைப் புத்தகமாக்கினார். 1964 ஜூலையில் விடுமுறைக்காகக் கனடாவின் ஜாஸ்பருக்குப் போன இடத்தில் இறந்தார். வயது 57.

அதே கனடாவில், 40 வருஷம் கழித்து, மாண்ட்ரியலைச் சேர்ந்த கீத் வோர்ஸ்லி குழு மூளைப் படங்களுக்கான கணக்கில் ராயின் அளவையைப் பயன்படுத்தியது. எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேரில் ‘மனோவா’ போட்டிருக்கீங்களா? அந்த அட்டவணையின் நான்காவது வரியில் வரும் ‘ராய்ஸ் லார்ஜஸ்ட் ரூட்’ இவர்தான்.