கொடுமுடி கோகிலம்

விழுப்புரத்தினின்று புதுவை செல்லும் பெருவழியிலே உள்ளது கண்டமங்கலம். ஆடித் திருவிழாக் காலத்தில் அங்கே ஒலிபெருக்கியின் வாயிலாக வயல்வெளி வரை சென்று ஒலிக்கும் பெண்குரல் ஒன்றுண்டு. அக்குரலுக்கு உரியவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். அவர்தம் பாட்டினை அறிந்த அளவிற்கு அவர்தம் வாழ்வை யாம் முன்னர் அறிந்திலேம். அறிந்தபின் அப்பாட்டே வேறொன்றாய்க் கேட்கின்றது.

அம்மையார் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தார். குடும்பமோ மிக வறியது. புகைவண்டியிற் பாடிக் காசு பெற்று வந்த சிறுமியின் குரல்வளத்தைக் கண்டோர் வேலு நாயர் நாடகக் கம்பெனியிற் சேர்ப்பித்தனர். நல்லதங்காள் நாடகத்திலே பசியால் வாடும் பிள்ளையாய்த் தோன்றிப் பாடியதே அவர்தம் தொடக்கம் என்பர். பசியை அவருக்கு எவரும் கற்பித்திருக்க வேண்டுவதில்லை! ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருப்போர்க்கும் கேட்கப் பாடவேண்டும். பிற்காலத்தில் அவர் குரலில் விளங்கிய கம்பீரம் அவ்வாறு வந்ததே.

1926-ல் இலங்கைக்கு நடிக்கச் சென்றவிடத்து எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து மேடையேறினார். வள்ளி திருமணத்தில் இவ்விருவரையும் கேட்க மக்கள் திரண்டனர். அந்நாடகத்தை யாத்த சங்கரதாஸ் சுவாமிகள், கண்டமங்கலத்திற்குக் கிழக்கேயுள்ள புதுவையில் 1922-ல் மறைந்தவர் ஆவர். மேடை நட்பு 1927-ல் மணமாயிற்று. ஆயின் கிட்டப்பாவிற்கு முன்னரே மனைவி இருந்தார். பிறந்த மகவும் நிலைக்கவில்லை. இருவரும் பிரிந்து வாழ நேர்ந்தது. 1933-ல் தம் இருபத்தேழாம் வயதில் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று வெண்துகில் உடுத்தவர் இறுதிவரை அதனை நீக்கினாரல்லர். இனி ஆடவரோடு சோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

இவ்வுறுதி தக்கதோ எனில், யாம் தக்கதென்று கூறத் துணியேம். மனைவி என்னும் மதிப்பை முழுதும் பெறாத ஒருவர், கைம்மையின் துயரை மட்டும் முழுதும் ஏற்றார் என்பதே எம் நெஞ்சை வருத்துகின்றது. ஆயினும் கதாநாயகிக்குரிய வாயிலைத் தாமே அடைத்துக்கொண்ட அவர் வேறு வாயில் கண்டார். 1935-ல் 'பக்த நந்தனார்' பேசும் படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்; அக்காலத்தில் அது கேட்டோரைத் திகைக்கச் செய்த தொகை. படம் வெற்றி பெறவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

பின்னர் ஏற்ற வேடங்களைத் தமிழ் பயிலும் மாணவர் உற்று நோக்குக. 1940-ல் மணிமேகலை, 1953-ல் ஜெமினியாரின் ஔவையார், 1964-ல் 'பூம்புகார்' படத்திற் கவுந்தியடிகள், 1973-ல் காரைக்கால் அம்மையார். யாவரும் இல்லறத்திற்குப் புறத்தே நின்ற பெண்மணியர். யாவரும் யாம் வகுப்பறையில் ஏட்டளவிற் காண்போர். கோவலன் கொலையுண்டமை கேட்டு உண்ணாநோன்பால் உயிர்நீத்தவர் கவுந்தியடிகள் என இளங்கோவடிகள் கூறுவதைப் படிக்குந்தோறும், அவ்வேடத்திற்கு இவரினும் உரியார் யாவர் என்று யாம் எண்ணுவதுண்டு.

சத்தியமூர்த்தியுடன் தேர்தல் மேடைகளிற் பாடியமையும், 1951-ல் சென்னை மேலவை உறுப்பினரானமையும், 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றமையும் பலரும் அறிந்தனவே. 1965-ல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாராய்த் தோன்றிப் பாடினார். திருவிழா நாளில் யாம் கேட்பது பெரும்பாலும் அப்பாட்டே. 1980-ல் அவர் காலமானபோது, கிட்டப்பா மறைந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.