பூட்டப்பட்ட பள்ளியிலிருந்து கருவூலம் வரை: ஜேம்ஸ் கரோல் நேப்பியர்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பேசும்போது, நம் சமுதாய இளைஞர் மார்ட்டின் லூதர் கிங்கையும் புக்கர் டி. வாஷிங்டனையும் அறிந்திருக்கக் காண்கிறோம். அவ்வரிசையில் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொருவர், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரின் பெருந்தலைவராய் விளங்கிய ஜேம்ஸ் கரோல் நேப்பியர். சட்டம் பயின்றவர், மனையும் கட்டடமும் வாங்கிப் பொருள் ஈட்டியவர், ஈட்டிய செல்வாக்கைக் கல்விக்கும் தம் மக்களுக்கும் பயன்படுத்தியவர்.

1845ஆம் ஆண்டு அடிமைப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். அவர் சிறு குழந்தையாய் இருந்தபோதே குடும்பம் விடுதலை பெற்றது. நாஷ்வில்லில் விடுதலை பெற்ற கறுப்பர்கள் தம் பிள்ளைகளுக்கென ஒரு சிறு பள்ளி நடத்தி வந்தனர். 1856இல் வெள்ளையர் சிலர் புகுந்து அப்பள்ளியை வன்முறையால் மூடினர். அப்போது நேப்பியருக்கு வயது பதினொன்று. கொள்ளை போனது பொன்னோ பொருளோ அன்று. எழுத்துக்கூட்டிப் படித்த குற்றத்திற்காகப் பிள்ளைகள் தெருவில் நிறுத்தப்பட்டனர். நம் பாட்டனார் காலத்துச் சேரிப் பிள்ளைகளின் நிலையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடிமை முறை இல்லாத ஒகையோ மாநிலத்தில் வில்பர்ஃபோர்ஸ், ஓபர்லின் ஆகிய கல்வி நிலையங்களில் அவர் கல்வி தொடர்ந்தது. பின்னர், கறுப்பின வழக்கறிஞரும் பேரறிஞருமான ஜான் மெர்சர் லாங்ஸ்டன் அவரை இனங்கண்டு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயில வழிசெய்தார். 1872இல் பட்டம் பெற்றார். (அதற்கு மறு ஆண்டுதான் மகாத்மா ஜோதிராவ் புலே தம் குலாம்கிரி நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.) லாங்ஸ்டனின் மகள் நெட்டியை 1878இல் மணந்தார்.

நாஷ்வில் நகர்மன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்து, அம்மன்றத்திற்குத் தலைமை தாங்கி நடத்திய முதற் கறுப்பர் அவரே. கறுப்பினப் பிள்ளைகள் பயிலும் நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களையே அமர்த்தச் செய்தது அவர் பணிகளுள் தலையாயது என்று, ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் கருதுகிறோம். தம் போன்ற ஒருவர் கரும்பலகையின் முன் நிற்பதைக் காணும் பிள்ளைக்கு உண்டாகும் துணிவு எந்தப் பாடநூலிலும் இல்லை.

வழக்கறிஞர் தொழிலோடு நில்லாமல் நகரில் நிலமும் கட்டடங்களும் வாங்கினார். அவருக்குரிய நேப்பியர் கோர்ட் என்னும் கட்டடத்தில்தான் 1904இல் ஒரு சென்ட் சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. விடுதலை பெற்றோருக்கென அரசு ஆதரவுடன் நடந்த வங்கி 1874இல் முறிந்து, ஏழைகளின் சேமிப்பு கரைந்து போயிருந்தது. அன்றுமுதல் வங்கி என்றாலே அம்மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்கவே, ஒரு சென்ட் உடையவரும் வரலாம் என்பதைப் பெயரிலேயே பொறித்தனர். ரிச்சர்டு ஹென்றி பாய்டு தலைவரானார், நேப்பியர் காசாளரானார். அக்காலத்து அமெரிக்க வங்கிகளில் காசாளரே அன்றாட நிர்வாகம் முழுவதையும் நடத்துபவர். பெரும் இலாபத்துக்கு ஆசைப்படாமல் கைப்பணத்தைக் காத்து நடந்தமையால், 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் எத்தனையோ வங்கிகள் மூழ்கியபோதும் இவ்வங்கி நிலைத்து நின்றது.

1909இல் மாநிலச் சட்டமன்றம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் நிறுவச் சட்டம் இயற்றியது. கறுப்பின மாணவர்க்குரிய பள்ளி தம் நகருக்கே வரவேண்டுமென நேப்பியரும் நண்பர்களும் பாடுபட்டனர். 1912இல் அது நாஷ்வில்லில் திறக்கப்பட்டது. இன்றைய டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் அதுவே.

1911இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் அவரைக் கருவூலப் பதிவாளராக அமர்த்தினார். அமெரிக்கப் பணத்தாள்களில் அவர் கையெழுத்து அச்சாயிற்று. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட சிறுவனின் கையெழுத்து, துரத்தியவர்களின் சட்டைப்பைகளிலும் இருந்தது! அடுத்து வந்த வில்சன் ஆட்சியில், கருவூல அலுவலகத்தில் கறுப்பர்க்குக் கழிப்பறையும் உணவறையும் தனியே ஒதுக்கும் ஏற்பாடு புகுந்தது. அதற்கு உடன்பட மறுத்து 1913இல் நேப்பியர் பதவி விலகினார். அதே 1913இல்தான் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

நேப்பியர் கிளர்ச்சிக்காரர் அல்லர். வாஷிங்டனின் நெருங்கிய நண்பர், நிதானப் போக்கினர், வசதி படைத்தோர் வட்டத்தில் வாழ்ந்தவர். விரைந்த மாற்றம் வேண்டியோர்க்கு அவர் வழி மெதுவானதாகவே தோன்றியிருக்கும். ஆயினும் உயர்பதவியா, தன்மானமா என்ற நிலை வந்த நாளில் அவர் தயங்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

ஊர் திரும்பியவர் வங்கிப் பணியைத் தொடர்ந்தார். வாஷிங்டன் மறைந்தபின் தேசிய நீக்ரோ வணிகர் கழகத்திற்குத் தலைமை ஏற்றார். முதுமையில் நாஷ்வில் வீட்டுவசதி ஆணையத்திலும் பணியாற்றினார். 1940 ஏப்ரலில், தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கென அந்நகரில் எழுந்த குடியிருப்புக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.